நெடுந்தீவுக்கு ஒரு நாள் போதுமா, தங்கணுமா?

மதுரைக்காரன்82

வணக்கம் மக்களே. பிப்ரவரி கடைசில குடும்பத்தோட யாழ்ப்பாணம் போறோம். சென்னைல இருந்து பலாலிக்கு ஃப்ளைட், திரும்ப வர்றதும் அதே ரூட்டு, நடுவுல முழுசா அஞ்சு நாள் கைல இருக்கு. நான், வீட்டம்மா, மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு, அப்புறம் எங்கம்மா. அம்மாவுக்கு 67 வயசு, முழங்கால் வலி, ஆனா வாய்க்கு ஒரு வலியும் இல்ல.

நெடுந்தீவு ஐடியாவே அவங்களோடதுதான். "நெடுந்தீவு பக்கத்துல ராமேஸ்வரம் மீனவர்கள் கைதுன்னு வருஷக்கணக்கா நியூஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கேன், அப்படி என்னதான்டா இருக்கு அந்த ஊர்ல, நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்"ங்கறாங்க. பொண்ணுக்கு அங்க காட்டுக்குதிரை இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்க, அதுல இருந்து வீட்ல வேற பேச்சே இல்ல.

கேள்வி இதுதான், காலைல போட்டைப் புடிச்சு போயிட்டு சாயங்காலம் யாழ்ப்பாணம் திரும்பிரலாமா, இல்ல ஒரு ராத்திரி தங்கணுமா, ரெண்டு ராத்திரியா? யூடியூப்ல பாத்தா பாதி பேரு 'ஒரு நாள் போதும்'ங்கறான், பாதி பேரு 'ஒரு நாள் பத்தாது'ங்கறான், ஏன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க. கடைசி நாளைக்கு இதை வெச்சுட்டு மறுநாள் மத்தியானம் ஃப்ளைட் ஏறிரலாம்னு ஒரு பிளான் போட்டு வெச்சிருக்கேன், அதையும் பாத்து சொல்லுங்க.

பைக்_பயணி

ப்ரோ ஒரு நாள் தாராளம். நான் போன வருஷம் போனேன். யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுல விடியக்காலைல 776 நம்பர் பஸ் ஏறுனா பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவுன்னு கடலுக்கு நடுவுல போட்ட ரோட்டுலயே போயி குறிகட்டுவான் இறங்குதுறைல விடும், அந்த பஸ் பயணமே காசு குடுத்து பாக்கலாம். அங்க இருந்து படகு ஒரு மணி நேரம். நாங்க இறங்கும்போது ஒம்பதரை இருக்கும். இறங்குன எடத்துலயே ஆட்டோக்காரங்க நிப்பாங்க, பேசி ஏறுனா டச்சுக் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், வளர்ற கல்லு, குதிரை லாயம்னு எல்லாத்தையும் சுத்திக் காட்டி ரெண்டு மணிக்கு திரும்ப படகுத்துறைல விட்ருவாங்க. மூணு மணி வாக்குல படகு, இருட்டுறதுக்குள்ள யாழ்ப்பாணத்துல கொத்து ரொட்டி. தீவே மொத்தம் அம்பது சதுர கிலோமீட்டர் கிட்டதான், மேடு பள்ளம் கூட கிடையாது. ராத்திரி தங்கி என்ன பண்ணப் போறீங்க, கடை கண்ணி கிடையாது, எட்டு மணிக்கு ஊர் தூங்கிரும்.

தீவான்

தம்பி சொன்னதுல பஸ்ஸும் நேரமும் சரி, மற்றதுக்கு நான் சண்டைக்கு வாறன். நான் நெடுந்தீவில பிறந்தனான், இப்ப யாழ்ப்பாணத்தில வேலை, மாசத்துக்கு ரெண்டு தரம் வீட்ட போய் வாறன்.

காலமை போய் பின்னேரம் திரும்புற ஆக்கள் ஒம்பதரைக்கு இறங்கி ரெண்டரைக்கு ஏறுவினம். யோசிச்சுப் பாருங்கோ, அது எந்த நேரம்? உச்சி வெயில். எங்கட ஊர் சப்பட்டை, முழுக்க முருகைக்கல்லு, அதான் பவளக்கல்லு, நிலம், தெற்குப் பக்கம் போனா நிழலுக்கு ஒதுங்க பனை தவிர வேற ஒண்டும் இல்லை. கல்லு சுட்டு வெக்கை மேல எழும்பும். அந்த நேரம் குதிரையளும் எங்கயாவது நிழல் தேடிப் போயிடும். ஓட்டோக்காரர் தூரத்தில நாலு புள்ளியைக் காட்டி "அதுதான் குதிரை" எண்டு சொல்லுவார், நீங்களும் ஃபோனில ஸூம் பண்ணி எடுத்துக்கொண்டு போவியள். ஊரின்ர மிக மோசமான அஞ்சு மணித்தியாலத்தைப் பார்த்துப்போட்டு 'ஒரு நாள் போதும்' எண்டு எழுதினா எப்பிடி? 😄

ஒரு இரவு நிண்டால் உங்களுக்கு ஒரு பின்னேரமும் ஒரு விடியக்காலமையும் கிடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அதுதான் எல்லாம். நாலரைக்குப் பிறகு வெட்டைவெளிக்கு போனா மட்டக்குதிரையள் கூட்டம் கூட்டமா மேய வரும். பிப்ரவரி எண்டால் மாரி மழை முடிஞ்ச கையோட புல்லும் கிடக்கும், பள்ளங்களில தண்ணியும் நிக்கும், குதிரையள் கொழுத்து நல்லா இருக்கும். ஆவணி புரட்டாசியில வந்திருந்தா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன், வறட்சியில தண்ணி இல்லாமல் செத்துக் கிடக்கிறதையும் பார்க்க வேண்டி வரும். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில வந்த குதிரையள், பிறகு வெள்ளைக்காரன் காலத்தில நோலன் எண்ட அதிகாரி ஒரு பண்ணை மாதிரி வைச்சு வளர்த்தவர், அவன் போன பிறகு கட்ட ஆளில்லாமல் காட்டில திரியிற வம்சம்தான் இது.

கடைசி நாள் பிளானை இப்பவே கிழிச்சுப் போடுங்கோ. எங்கட ஊரில எத்தினை நாள் நிக்கிறது எண்டதை நீங்கள் தீர்மானிக்கிறேல்லை, காத்துத்தான் தீர்மானிக்கிறது. மாசி பங்குனியில கடல் பெரும்பாலும் குளம் மாதிரித்தான் கிடக்கும், எண்டாலும் திடீரெண்டு காத்து எழும்பினா படகு ஓடாது. வைகாசிக்குப் பிறகு சோழகம், அதான் தென்மேல் காத்து, பிடிச்சுதெண்டால் சொல்லவே தேவையில்லை. முதல் நாள் யாழ்ப்பாணம், ரெண்டாம் நாள் தீவு, மூண்டாம் நாள் திரும்புறது, அதுக்குப் பிறகு குறைஞ்சது ஒரு முழு நாளாவது கையில வெறுமனே வைச்சிருங்கோ.

ஸ்காபரோ_அக்கா

தீவான் சொல்றது நூறு வீதம் சரி, நான் பட்டனான். நாலு வருசத்துக்கு முதல் ஆடி மாசம், பிள்ளையளின்ர ஸ்கூல் லீவு அப்பதானே, அம்மா பிறந்த வீட்டைப் பார்க்கவெண்டு நெடுந்தீவுக்கு போனனாங்கள். ரெண்டு இரவு எண்டு போனது நாலு இரவா முடிஞ்சுது. மூண்டாம் நாள் விடிய சாமானெல்லாம் கட்டிக்கொண்டு துறைக்கு வந்தா படகு இல்லை எண்டினம். வானத்தைப் பார்த்தா ஒரு முகிலும் இல்லை, நல்ல வெயில், எனக்கெண்டா விளங்கவே இல்லை, ஏன் ஓடேல்லை எண்டு அங்க நிண்ட ஆளோட வாக்குவாதப்பட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை, கையை நீட்டி நடுக்கடலைக் காட்டினார், தூரத்தில வெள்ளை வெள்ளையா நுரை. கொழும்பில இருந்து டொரொன்டோ ஃப்ளைட் போச்சுது. விமானக் கொம்பனிக்காரர் காத்தடிச்சது எங்கட பிழை மாதிரிக் கதைச்சு நாலு டிக்கெட்டுக்கும் தண்டம் கட்ட வைச்சினம், அந்தக் கதை இஞ்ச வேண்டாம்.

ஆனா ஒண்டு சொல்லோணும். பிள்ளையள் ரெண்டு பேரும் முதல் நாள் வைஃபை இல்லை எண்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்ததுகள், ரெண்டாம் நாள் 'போரிங், எப்ப போறம்' எண்டு நச்சரிச்சதுகள், போக வழியில்லாமல் நிண்ட அந்த ரெண்டு நாளும்தான் பக்கத்து வீட்டுப் பெடியளோட சேர்ந்து நண்டு பிடிக்கப் போய் காலெல்லாம் கீறிக்கொண்டு வந்ததுகள். இண்டைக்கும் இலங்கை எண்டால் அதுகளுக்கு அந்த ரெண்டு நாள்தான் ஞாபகம். எண்டு சொல்லி உங்களை நாலு நாள் நிக்கச் சொல்லேல்லை. உங்கட அம்மாவோட ஒரு இரவு சரி.

மதுரைக்காரன்82

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசி நாள் பிளான் கிழிச்சாச்சு. அம்மா கிட்ட 'உச்சி வெயில்'ங்கற பாயிண்ட்ட சொன்னேன், "நான் அப்பவே சொன்னேன்ல தங்கணும்னு"ங்கறாங்க, எப்ப சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல.

இன்னும் சில சந்தேகம். படகுல ஏறி இறங்குறது முழங்கால் வலிக்காரங்களுக்கு எப்படி? தங்குற எடத்துல தண்ணி, பாத்ரூம், கரண்ட் எல்லாம் பரவாயில்லையா? அப்புறம் பைக்_பயணி ப்ரோ, அந்தப் படகு எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க, பொண்ணுக்கு பஸ்லயே வாந்தி வரும்.

பைக்_பயணி

படகு வந்து ப்ரோ, ஒண்ணு இல்ல, பல தினுசு. வடதாரகை, குமுதினி, நெடுந்தாரகைன்னு பேரெல்லாம் கேட்டேன், அதுபோக தனியார் லோஞ்சும் இருக்கு. நான் போறப்ப ஏறுனது பழைய மரப்படகு. கீழ எறங்குனா தலைய நிமித்த முடியாது, பலகைல குத்தவெச்ச மாதிரி உக்காரணும், எஞ்சின் சூடு, டீசல் வாடை, என் காலுக்கடில ரெண்டு அரிசி மூட்டை, எதுக்க ஒரு பாட்டி மடில அட்டைப்பெட்டி, உள்ள கோழிக்குஞ்சு கீச் கீச்சுனு. மேல சைக்கிள், காஸ் சிலிண்டர், ஒரு கதவு. ஆமா, வீட்டுக்கதவு, நெலையோட. அந்த ஊருக்கு வேணுங்கறது மொத்தமும் அந்த வழியாதான் போகுது. தீவுகளுக்கு நடுவுல போற வரைக்கும் ஆட்டமே இல்ல, அதுக்கப்புறம் தொறந்த கடல் வந்ததும் ஒரு ஆட்டு ஆட்டுச்சு பாருங்க. பக்கத்துல இருந்த பெரியவரு என் மூஞ்சியப் பாத்துட்டு "தம்பி ஃபோனைப் பாக்காதைங்கோ, கரையைப் பாருங்கோ"ன்னாரு, அப்படியே செஞ்சேன், தப்பிச்சேன். பொண்ண மேல் தட்டுல காத்தோட்டமா உக்கார வைங்க, லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கி மாட்டுங்க, காலைல ரெண்டு இட்லிக்கு மேல குடுக்காதீங்க.

தீவான் அண்ணா, சண்டைக்கு வந்துட்டேன்னு சொன்னீங்க, வெயில் மேட்டர்ல நான் தோத்தேன்னு ஒத்துக்கறேன். நான் பாத்ததும் நாலு புள்ளிதான். 😂 ஆனா லீவு ரெண்டே நாள் இருக்கறவன் ஒரு பகல் போயிட்டு வர்றதுல என்ன குத்தம், போகாம இருக்கறதுக்கு அது மேல் இல்லையா?

தீவான்

மேல்தான் தம்பி, ஆர் இல்லை எண்டது. வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. 'போதும்' எண்ட சொல்லுதான் எனக்கு ஏறேல்லை.

மதுரை அண்ணை, அம்மாவின்ர முழங்காலுக்கு பெரிய அரசாங்கப் படகு கிடைச்சா நல்லம், அது கொஞ்சம் வசதி. மற்றதில துறைக்கும் படகுக்கும் இடையில ஒரு எட்டு வைச்சு ஏறோணும், அலைக்கு படகு மேலயும் கீழயும் போய்வரும், அம்மா அவசரப்படாமல் நிக்கட்டும், பெடியள் கையைப் பிடிச்சு ஏத்துவினம். எங்கட ஊரில எண்பது வயசு ஆச்சிமாரெல்லாம் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போய் வருகினம். படகு நேரத்தை இணையத்தில பார்த்து நம்பாதைங்கோ, முதல் நாள் பின்னேரம் தங்கப்போற வீட்டுக்காரருக்கு கோல் எடுத்துக் கேளுங்கோ.

தண்ணி. இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டால் எத்தினை நாள் நிக்கலாம் எண்ட கேள்விக்கு பாதி விடை இதுக்குள்ள கிடக்கு. எங்கட ஊரில கிணறு தோண்டினால் கன இடத்தில உவர்தான் வரும். மழைத்தண்ணி முருகைக்கல்லுக்குள்ள இறங்கி, கீழ கிடக்கிற கடல்தண்ணிக்கு மேல மெல்லிசா ஒரு படையா மிதக்கும், அதுதான் எங்கட நல்லதண்ணி. கனக்க இறைச்சா உப்பு மேல ஏறிவிடும். சாராப்பிட்டி கிணறுகள் மாதிரி சில இடத்திலதான் குடிக்கக்கூடிய தண்ணி, மற்றபடி கடல்தண்ணியைச் சுத்திகரிச்சு குடுக்கிறதும் இருக்கு. அதால வீட்டுக்காரர் குடிக்கிற தண்ணியை வேற குடத்தில வைச்சிருப்பினம், குளிக்கிறது உவர்தண்ணி, சவுக்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்பு மாதிரி நிக்கும். நீங்கள் நாலு பேர் ஒரு இரவு நிக்கிறது ஒரு பிரச்சினையும் இல்லை. நாலு பேர் நாலு நாள் எண்டால், அதுவும் கோடையில, ஆரோ ஒராள் அந்தக் குடத்தை உங்களுக்காகச் சுமக்கோணும்.

சாப்பாடும் அப்பிடித்தான், வரமுதல் ரெண்டு நாளுக்கு முன்னமே எத்தினை பேர், மீன் சாப்பிடுவியளோ மரக்கறியோ எண்டு சொல்லிப்போடுங்கோ. திடீரெண்டு போய் கேட்டா இருக்காது. சொல்லி வைச்சா கணவாய்க் கறி, நண்டு, பாரை, புட்டு எண்டு கிடைக்கும். தங்குற இடம் பெரிய ஹோட்டல் ஒண்டும் இல்லை, சின்ன விடுதியள், வீட்டோட சேர்ந்த அறையள். கரண்ட் இருக்கு. நுளம்பு இருக்கு. காசைக் கையில கொண்டு வாங்கோ.

இன்னொண்டு, மாவிலி இறங்குதுறையில இறங்கினவுடன ஒரு நினைவுத்தூபி இருக்கு. 1985 மே 15 குமுதினிப் படகில வைச்சு கொல்லப்பட்ட எங்கட சனத்துக்கு. கைக்குழந்தையும் அதுக்குள்ள. ஒவ்வொரு வருசமும் அண்டைக்கு ஊரே வந்து நிக்கும். வாற ஆக்கள் கனபேர் தெரியாமல் அதில சாய்ஞ்சு நிண்டு செல்ஃபி எடுக்கினம். அம்மாவுக்கு சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நியூஸில கேட்ட ஊருக்கு நியூஸில வராத கதையும் இருக்கு.

வெயில்தாங்கி

நான் திருச்சி. தனி ஆளு, ரெண்டு ராத்திரி தங்கினேன், சைக்கிள் எடுத்து சுத்தினேன். ரெண்டாவது நாள் பாக்கறதுக்குன்னு லிஸ்ட்ல எதுவும் மிச்சம் இல்ல. அதுவே நல்லா இருந்துச்சு. சும்மா சந்து சந்தா போனேன், ஊர் முழுக்க பவளக்கல்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வேலி போட்டிருக்காங்க, சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் கிடையாது, கிட்ட போயி பாத்தா ஒவ்வொரு கல்லுலயும் பூ மாதிரி, மூளை மடிப்பு மாதிரி அச்சு அச்சா பவளம் தெரியுது. நம்ம ஊர்ல வேலிக்கு முள்ளு வெக்கற மாதிரி அங்க கடலை வெட்டி வேலி போட்டிருக்கான். ஒரு வேலி சரிஞ்சு கிடந்துச்சு, ஒரு அம்மா உக்காந்து திரும்ப அடுக்கிட்டு இருந்தாங்க, அரை மணி நேரம் பாத்துட்டு இருந்தேன், ஒரு கல்ல எடுத்து ரெண்டு தடவ திருப்பிப் பாப்பாங்க, பொருந்தலன்னா கீழ போட்ருவாங்க, பொருந்துச்சுன்னா ஒரு தட்டு. நானும் ஒண்ணு எடுத்து வெச்சேன், அவங்க பேசாம அத எடுத்து வேற எடத்துல வெச்சாங்க.

பெருக்கமரம் பாக்க மறக்காதீங்க, ஆப்பிரிக்கா மரம், அரேபிய வியாபாரிங்க கொண்டாந்ததுன்னு சொல்றாங்க, அடில பொந்து, பொண்ணு உள்ள போயி நிக்கலாம். டச்சுக்காரன் வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம்னு அவன் ஊர் பேரா வெச்சிட்டுப் போயிருக்கான், அதுல இங்கிலீஷ் மேப்புல இன்னிக்கும் எல்லாரும் சொல்றது நெடுந்தீவுக்கு வெச்ச டெல்ஃப்ட் மட்டும்தான், இது ஏன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, தனி திரெட் கூட போடலாம்.

குடும்பத்தோட ரெண்டு ராத்திரி வேணாம்னுதான் நானும் சொல்லுவேன். சும்மா இருக்கறது தனியா இருந்தா சுகம், நாலு பேரா இருந்தா 'அடுத்து என்ன'ன்னு ஒருத்தர் கேட்டுட்டே இருப்பாங்க.

ஆங், தேதி பாத்துக்கோங்க. பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்குல கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வரும். கச்சத்தீவு நிர்வாகத்துல நெடுந்தீவுலதான் சேருது, சனமெல்லாம் குறிகட்டுவான் வழியாதான் போவாங்க. அந்த ரெண்டு நாள்ல மாட்டுனீங்கன்னா துறைல கால் வெக்க எடம் இருக்காது.

மதுரைக்காரன்82

திருவிழா மேட்டர் நல்லவேளை சொன்னீங்க, தேதிய விசாரிச்சு ஒரு வாரம் முன்ன பின்ன தள்ளிக்கறேன்.

முடிவு பண்ணியாச்சு. ரெண்டாம் நாள் போறோம், ஒரு ராத்திரி, மூணாம் நாள் காலைல குதிரையப் பாத்துட்டு திரும்புறோம். நாலாம் நாள் காலி. காத்து ஒத்துழைச்சா அன்னிக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன், அதே குறிகட்டுவான்ல இருந்து கால் மணி நேரம்தானாமே, அம்மாவுக்கு அதுவும் ஆச்சு. அஞ்சாம் நாள் யாழ்ப்பாணத்துலயே கடை கடையா. வீட்டம்மாவுக்கு உவர்தண்ணி தலைமுடி விஷயத்த மட்டும் நான் இன்னும் சொல்லல.

தீவான் அண்ணே, ஒரு சந்தேகம். போற வீட்டுக்கு மதுரைல இருந்து ஏதாச்சும் வாங்கிட்டு வரலாமா, என்ன கொண்டுவந்தா உபயோகமா இருக்கும்? அல்வா, சேவு, இந்த மாதிரியா?

தீவான்

அல்வா கொண்டு வாங்கோ, வேண்டாம் எண்டு ஆர் சொல்லுவினம். ஆனா உண்மையா உபயோகம் எண்டால் யாழ்ப்பாணம் சந்தையில ரெண்டு கிலோ தக்காளி, கொஞ்சம் கறிமிளகாய், கரட் வாங்கி ஒரு பையில கொண்டு போங்கோ. பச்சை மரக்கறிதான் எங்களுக்கு எப்பவும் தட்டுப்பாடு. அந்தப் பையை படகில மேல வைக்காதைங்கோ, உப்புத்தண்ணி தெறிக்கும். மடியில வைச்சிருங்கோ, அந்தக் கோழிக்குஞ்சு ஆச்சி மாதிரி.

ஸ்காபரோ_அக்கா

பிள்ளைக்கு ஒரு சோடி மூடின சப்பாத்தும் எடுங்கோ. செருப்போட நண்டு பிடிக்கேலாது.